ஓர் அழுகை மாடியிறங்கி வர இன்டர்நெட் எதற்கு?

மாடியில் தூங்குகிற பிள்ளை அழுதால் கீழே சமையலறையில் நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டும். பேபி மானிட்டருக்கு இருப்பது இந்த ஒரே வேலைதான். வாங்கப் போனால், அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விற்கிறார்கள்.

பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். ராத்திரி பேத்தி தாயின் பக்கத்திலேயே தூங்கிவிடுவாள். பகலில்தான் பாடு. கீழே மிக்ஸி ஓடினால் மேலே அவள் வீறிட்டாலும் காதில் விழாது. மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். காட்டியதில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் மாட்டுகிற சிசிடிவி கேமராக்கள். அட்டைப்பெட்டியில் ஒரு குழந்தைப் படத்தைப் போட்டுவிட்டால் அது பேபி மானிட்டர் ஆகிவிடுமா?

அதற்கு வைஃபை வேண்டும். செல்போனில் ஆப் வேண்டும், ஆப்பைத் திறக்க மெயில், பாஸ்வேர்டு. பதிவானதைப் பார்க்க மாதாமாதம் சந்தா வேறு. தலைக்கு மேல் இருக்கும் அறையின் சத்தம் வீட்டை விட்டு வெளியே போய், எங்கோ ஒரு சர்வரைத் தொட்டுவிட்டுத்தான் என் கைக்கு வருமாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் மோடமும் போச்சு. ஃபேன் நின்று புழுக்கத்தில் பிள்ளை முழித்து அழுவதே அப்போதுதானே! வேண்டிய அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்கிற பொருளுக்கு எதற்குக் காசு?

இன்டர்நெட் இல்லாமல் சத்தத்தை மட்டும் கொண்டுவருவது முடியாத காரியமும் இல்லை. 1932-இல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றார்கள். அந்தப் பயம் அடங்காத காலத்தில், 1937-இல், ஜெனித் கம்பெனி ‘ரேடியோ நர்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குழந்தை அறையில் ஒரு பெட்டி, பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு பெட்டி. சத்தம் கேட்கிற பெட்டியை சிற்பி இசாமு நொகுச்சி பேக்கலைட்டில் வடிவமைத்தார். அங்கே அழுதால் இங்கே கேட்கும், அவ்வளவுதான். அதே மாதிரி இரண்டு பெட்டிகளாக வரும் மானிட்டர்கள் இன்றைக்கும் தயாராகின்றன, இப்போது பேட்டரியிலும் ஓடும். இன்டர்நெட்டே வேண்டாம். கடையில் கேட்டால், “அதெல்லாம் யாரும் கேக்கறதில்லம்மா, ஆர்டர் போட்டாத்தான் வரும்” என்கிறார்கள். விலையும் கேமராவைவிடப் பல மடங்கு. பெட்டியில் 300 மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளத்தைத் தாண்டி எவ்வளவு எட்டும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

கேமராக்காரர்கள் தூளியைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. புடவைக்குள் படுத்திருக்கிற பிள்ளையை எந்தக் கேமரா காட்டும்? தெரிவதெல்லாம் துணிதான். தூளி ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘அசைவு தெரிகிறது’ என்று செல்போன் கூவும். இந்த வீட்டில் சத்தம்தான் வேண்டும், படம் வேண்டாம்.

படம் இருந்தால் வேறொரு பயமும் கூடவே வருகிறது. 2012-இல் ட்ரெண்ட்நெட் என்ற கம்பெனியின் கேமராக்களில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. ஏறக்குறைய 700 கேமராக்களின் நேரலை இணைப்புகளை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தைகளை முன்பின் தெரியாதவர்கள் பார்த்தார்கள். 2013-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனி மேல் நடவடிக்கை எடுத்தது. நான் போன ஒரு கடையிலோ, “பாஸ்வேர்டு நாங்களே வச்சுத் தர்றோம்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான், மறக்காது” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வயிறு எரிகிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பதற வைத்தது ஒயர். ஒரு கடையில் மாதிரிக்கு வைத்திருந்த தொட்டிலின் கம்பியிலேயே கேமராவைக் கட்டி, ஒயரை மெத்தையோரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். 2011-இல் அமெரிக்காவில் சம்மர் இன்ஃபன்ட் கம்பெனியின் சுமார் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களைத் திரும்ப அழைத்ததே இதற்காகத்தான். ஒயர் கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்துபோனார்கள். தொட்டிலிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி ஒயர் இருக்க வேண்டும் என்பது அங்கே விடுத்த எச்சரிக்கை. தவழ ஆரம்பித்து, எட்டிப் பிடித்து இழுக்கிற பிள்ளைக்கு அந்த மூன்றடிதான் உயிர். பெட்டியின் மேல் அதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். விற்கிறவர் பில் போடும் முன் வாயால் சொல்லட்டும். வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுக்கிற பையனாவது அளவு டேப்போடு வரட்டும்.