சில்லும் சிந்தையும்

ஊவா மாகாணத்தின் மலைச்சாரலிலே, தேயிலைச் செடிகளின் நடுவே பிறந்து வளர்ந்த எம்மவர்க்கு ஆகாயவிமானம் அண்ணாந்து பார்க்கும் பொருளேயன்றி அண்டிப் பழகும் பொருளன்று. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலே. அதன் பின்னரும் எம்மவர் போக்குவரத்துப் பெரும்பாலும் மலைவீதிகளையே நம்பியிருக்கின்றது. அவ்வாறிருக்க, கல்லூரியின் விழா மலரிலே விமானத்தின் சில்லுகளைப் பற்றி எழுதப் புகுவது ஏனென்று அன்பர் சிலர் வினவக்கூடும். சில்லைப் பற்றி எழுதுவது போலத் தோன்றினும், நாம் எழுதக் கருதியது சிந்தையைப் பற்றியே. ஓர் இயந்திரம் பழுதுறும் வேளையில், அதனை நடத்துபவன் எவ்வாறு எண்ணித் தீர்மானிக்கின்றான் என்பதே எமது பொருள்.

விமானம் எமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. 1935ஆம் ஆண்டு நவம்பரில் இரத்மலானையில் முதன்முதல் வந்திறங்கியது, சென்னை விமானக் கழகத்தின் பயிற்சியாசிரியர் ஓட்டி வந்த ஒரு சிறு விமானமே. துயரத்தினாலும் எமது மலை விமானத்தை அறியும். 2020ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் தேதி, வீரவிலவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் சிறு விமானமொன்று அப்புத்தளையில் வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அதன் காரணத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. மலைநாட்டு வானம் பிழை பொறுக்கும் வானமன்று என்பதை நினைவூட்டுவதே எமது கருத்து.

சிறு விமானங்களின் சில்லுகள் இருவகைப்படும். செஸ்னா 172 போன்றவற்றிற் சில்லுகள் என்றும் வெளியே நிலைத்திருக்கும். வேகத்தை விரும்பிச் செய்யப்பட்டவற்றிலோ, மேலெழுந்ததும் அவை மடங்கி உள்ளே செல்லும். இறங்குமுன் மீண்டும் வெளிவந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டமைக்கு அறிகுறியாக, விமானியின் முன்னே மூன்று பச்சை விளக்குகள் எரியும். ஒன்று எரியாவிடில் ஐயம் பிறக்கின்றது. பழுதுற்றது சில்லா, கம்பியா, விளக்கா?

இயந்திரத்தை ஆக்கியோர் இதற்கு மாற்று வழியும் வைத்துள்ளனர். சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தை விடுவித்தால் சில்லுகள் தம் பாரத்தினாலேயே கீழே விழும். சிலவற்றிற் கைப்பம்பு உண்டு. பீச்கிராஃப்ற் பொனான்சா என்னும் விமானத்திலே ஒரு கைப்பிடியை ஏறக்குறைய 50 தடவை சுற்ற வேண்டும். ஆதலின் சில்லு இறங்காமை பெரும்பாலும் பரிகாரமுள்ள நோயே. அப்பரிகாரத்திற்கு வேண்டுவன இரண்டு: கால அவகாசமும் கலங்காத உள்ளமும்.

சில்லுகளை இறக்காது தரைதொட்ட சிறு விமானங்கள் பலவற்றில் இயந்திரத்திற் குறையே இருந்ததில்லை. இறக்க வேண்டுமென்பதை விமானி மறந்ததே குறை. வானொலியில் ஒரு வினா, குறுக்கே ஒரு பறவை, பக்கத்தில் ஒருவரின் பேச்சு: இவற்றுள் ஒன்று போதும், நாள்தோறும் செய்த காரியம் அன்று செய்யப்படாமற் போக. இதனாலேயே பழுத்த அனுபவமுடையோரும் எழுதிவைத்த பட்டியலை வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்கின்றனர். தம் நினைவை முற்றாக நம்பாமையே அவர்தம் அறிவு.

மறதியைப் பொறியினால் வெல்ல முயன்றோரும் உளர். பைப்பர் ஆரோ என்னும் சிறு விமானத்தில், வேகம் ஓரளவிற்குக் குறைந்தவுடன் சில்லுகள் தாமே இறங்கும் ஏற்பாடு முன்னர் இருந்தது. எண்ணம் நல்லதே. ஆனால் இயந்திரம் நின்றுபோய், தூரத்து வயலொன்றை எட்டுதற்கு மிதந்து செல்ல வேண்டிய வேளையிலும் அவை தாமே இறங்கிக் காற்றைத் தடுத்தால், வயல் எட்டாமற் போகும். அவ்வேற்பாட்டைத் தடுத்து வைக்க வேறொரு நெம்புகோல் வேண்டியதாயிற்று. பின்னாளிற் பல விமானங்களில் அது நீக்கப்பட்டது. பொறி மனிதனுக்குத் துணையாகலாம். அவனுக்குப் பதிலாக எண்ணித் தீர்மானிக்க அதனால் இயலாது.

நிற்க. பெரிய விமானங்களின் வரலாறு இவ்விடயத்திற் சிறிய விமானங்களுக்குப் பாடமாகின்றது. 1972 டிசம்பர் 29இல், அமெரிக்காவின் மியாமி நகரை அணுகிய விமானமொன்றில் முன்சில்லிற்குரிய விளக்கு எரியவில்லை. விமானிகள் அனைவரும் அவ்விளக்கிலேயே கருத்தூன்றியிருக்க, விமானம் சிறிது சிறிதாகத் தாழ்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் வீழ்ந்து 101 பேர் மாண்டனர். முன்சில்லோ சரியாகவே இறங்கியிருந்தது. 1978 டிசம்பர் 28இல் போட்லண்ட் நகருக்கு மேலே வேறொரு விமானம் சில்லுகளைப் பற்றிய ஐயத்தினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியது, எரிபொருள் தீர்ந்தது, 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைகின்றதென்பதை உடனிருந்தோர் அறிந்திருந்தும், தலைவரின் செவியில் உறைக்குமாறு அழுத்திக் கூறவில்லை. இதன் பின்னரே, மேலோர் கேட்கவும் கீழோர் துணிந்து சொல்லவும் பழக்கும் பயிற்சி விமான உலகிற் பரவியது.

2020 மே 22இல் கராச்சியில் நிகழ்ந்ததோ இன்னுங் கொடியது. சில்லுகள் மேலே மடங்கியிருக்க, எச்சரிக்கை ஒலிகளையும் பொருட்படுத்தாது ஓடுபாதையைத் தொட்ட விமானம், இயந்திரங்கள் தரையில் உராய்ந்த பின்னர் மீண்டும் மேலெழுந்தது. சிறிது நேரத்தில் அவ்வியந்திரங்கள் செயலிழக்க, குடியிருப்பின் மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 99 பேரில் இருவரே பிழைத்தனர். சிறு விமானத்தைத் தனியே ஓட்டும் செல்வர் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும். வயிறு தரையில் உராய நேராக இறங்கிய சிறு விமானத்தில் உயிரிழப்பு அரிது. தகடு நசுங்கும், விசிறி வளையும், பணம் செலவாகும். ஆயின் வளைந்த விசிறியுடன் மீண்டும் மேலெழ முயல்வோன், இயந்திரத்தைக் காக்க எண்ணி உயிரைப் பணயம் வைக்கின்றான்.

இவற்றிற்கு மாறாக எமது உள்ளத்தைக் குளிர்விக்கும் நிகழ்ச்சியொன்று 2024 அக்டோபர் 11இல் திருச்சிராப்பள்ளியில் நடந்தது. சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானமொன்றில், மேலெழுந்த சிறிது நேரத்திலேயே சில்லு முதலியவற்றை இயக்கும் எண்ணெய் அழுத்த அமைப்புப் பழுதுற்றது. உள்ளே 140 இற்கு மேற்பட்டோர். விமானிகள் பதறவில்லை. எரிபொருளைச் செலவிட்டுப் பாரத்தைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்திற்கு மேலாக வானில் வட்டமிட்டனர். கீழே தீயணைப்பு வண்டிகளும் மருத்துவ வண்டிகளும் காத்து நின்றன. இரவு எட்டு மணிக்குப் பின்னர் விமானம் பத்திரமாக இறங்கியது. பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? போட்லண்டிலும் வட்டமிட்டனர், திருச்சியிலும் வட்டமிட்டனர். ஒன்று நேரத்தை மறந்த சுற்று; மற்றது நேரத்தை அளந்த சுற்று.

இனி எமது மலைகளை நோக்குவோம். பதுளை ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும் உள்ளன. நமுனுகுல சிகரம் 2,000 மீற்றரையும் தாண்டி நிற்கின்றது. உயரம் மிக மிகக் காற்று ஐதாகின்றது. இயந்திரத்தின் வலுவும் இறக்கையின் தாங்குதிறனும் குறைகின்றன. எமது தேயிலைக்கு மணமூட்டும் ஆடி, ஆவணி மாதக் காற்று, கணவாய்களிற் புகுந்து சிறு விமானத்தை அலைக்கழிக்க வல்லது. நண்பகலில் தெளிந்திருந்த மலை, மாலையில் மூடுபனியில் மறையும். சமநிலத்தில் ஒரு வயல் தவறினால் மற்றொரு வயல் கிட்டும். தேயிலைச் சரிவில் அவ்வாறில்லை. ஆதலின் இம்மலைகளின் மேற் பறப்போன், திரும்புவதா தொடர்வதா என்னும் தீர்மானத்தைப் பள்ளத்தாக்கினுள் நுழையுமுன்னரே செய்தல் வேண்டும்.

விமானத்திற்குரிய இவ்விதி வீதிக்கும் உரியதே. 2021 மார்ச்சில் பசறையிலும், 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ் வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்து, ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்தோர் எம்மிடையே இலர். அவற்றின் காரணங்களை நாம் ஈண்டு ஆராயவில்லை. பொதுவாக ஒன்று கேட்கின்றோம். தடுப்பிலே ஐயம் தோன்றியவுடன் பயணிகளின் முணுமுணுப்பையும் முதலாளியின் கோபத்தையும் பொருட்படுத்தாது வண்டியை நிறுத்தும் சாரதியை நாம் பாராட்டியதுண்டா? தேயிலைத் தொழிற்சாலையில் உருளையின் ஓசை மாறியதென்று கூறி வேலையை நிறுத்தும் தொழிலாளியின் சொல்லைத் துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும் செவிமடுப்பதுண்டா?

பிழைத்தவனைத் தண்டித்தாலன்றி ஒழுங்கு நிலைக்காதென்பார் சிலர். வேண்டுமென்றே விதி மீறியவனைத் தண்டிப்பது நியாயமே. ஆயின் குறையைக் கண்டு தானே வந்து சொல்பவனையும் தண்டித்தால், நாளை எவனும் சொல்ல மாட்டான். குறை மறைந்து வளரும். விமான உலகம் இவ்வுண்மையை உயிர்கள் பல கொடுத்துக் கற்றது. அதனை நாம் விலையின்றிப் பெறலாம்.

எனவே, தோட்டங்களையும் போக்குவரத்தையும் நிருவகிக்கும் பழைய மாணவர்க்கு எமது விண்ணப்பம் இது: ‘நிறுத்திவிட்டேன்’, ‘திரும்பிவிட்டேன்’ என்று வந்து சொல்பவனுக்கு முதலில் நன்றி கூறுங்கள், கணக்கைப் பின்னர் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கு: தெரியவில்லையென்று வகுப்பில் எழுந்து சொல்லும் பிள்ளையை நகைக்கு இடமாக்காதீர்கள். மாணவச் செல்வங்களுக்கு: உங்களுட் சிலர் நாளை விமானியாகவுங்கூடும். மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தாலும் பட்டியலை மற்றொரு முறை வாசியுங்கள். ஒன்று எரியாவிடின், விளக்கை நோக்குமுன் உயரத்தையும் எரிபொருளையும் நோக்குங்கள். இயந்திரத்தைக் கைவிட வேண்டிய வேளை வந்தால், தயங்காது கைவிட்டு உயிரைக் காத்துக்கொள்ளுங்கள். இரும்பை மீண்டும் வார்க்கலாம். உயிரை வார்க்கும் பட்டறை எங்கும் இல்லை.