ஜீப்பில் கழியும் நேரத்துக்குக் கூலி யார் தருவது?



விடியற்காலை நாலு மணி. கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று மலையடிவாரத்து ஊர்களில் எல்லாம் அடுப்பு எரிகிறது. இருட்டோடு சோறு வடித்துத் தூக்குவாளியில் அடைத்து, தூங்கும் பிள்ளையை மாமியாரிடமோ மூத்த மகளிடமோ ஒப்படைத்துவிட்டு நம் பெண்கள் தெருமுனைக்கு வந்து நிற்கிறார்கள். ஜீப் வருகிறது. பதிவுச் சான்றில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு பேர் அதில் ஏறுகிறார்கள். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஏதாவது ஒரு பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பனியில் நனைந்து, வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் இறங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் பேர் பதிவு. அதற்குப் பிறகுதான் கூலிக் கணக்கு.

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகிறது. எட்டு மணி வேலைக் கணக்கில் இரண்டு நாளுக்கும் மேல்! ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் உழைப்பைக் கூலியில்லாமல் மலைப்பாதைக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறோம். இதைக் கேட்க நாதியில்லையா?

"ஜீப்பில் அத்தனை பேர் ஏன் ஏறுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியது நம்மிடம் அல்ல. ஆள் குறைந்தால் நடைக்குக் கட்டாது என்கிறார் ஜீப்காரர். இரண்டு ஜீப் அனுப்பினால் செலவு கூடும் என்கிறது தோட்டம். இந்த நடையை விட்டால் அன்றைய கூலி போச்சு என்று தெரிந்தவள் தொழிலாளி. கணக்குப் போட்டவர்கள் வேறு. வளைவில் வண்டி உருண்டால் உயிரை விடுகிறவர்கள் வேறு. விபத்து நடந்தால் நாலு நாளைக்குச் சோதனை நடக்கும், அபராதம் போடுவார்கள், ஐந்தாம் நாள் பழைய கதைதான். வேறு வண்டி ஏற்பாடு செய்யாமல் ஜீப்பை மட்டும் மறிப்பது தொழிலாளியின் சோற்றை மறிப்பதாகத்தான் முடியும்.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. போடிக்கு மீண்டும் ரயில் வந்தது 2023 ஜூனில். அதுவும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. தேவாரத்து மக்கள் சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை கேட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆக, நமக்கு வாய்த்தது மலைச்சாலை ஒன்றே. அந்தச் சாலையிலும் நினைத்தபோது கதவு விழும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டு, குழந்தை குட்டிகளோடு மலையிறங்கி ஓடிவந்ததை மறக்க முடியுமா? இந்தப் பக்கத்தில் கடை வைத்திருந்த மலையாளிச் சகோதரர்களும் அப்போது அடிபட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அணையைப் பற்றிப் பேசியவர்கள் தலைவர்கள்; அடி வாங்கியவர்கள் இரு பக்கத்துப் பாட்டாளிகள். 2020-இல் கொரோனா வந்தபோது மறுபடியும் எல்லை மூடப்பட்டது. பாஸ் இல்லாமல் மலையேற முடியவில்லை.

உலகத்தில் வேறு எங்கும் இப்படி எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்று ஒரு சின்ன நாடு. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்நாட்டில் வேலை செய்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இவர்கள்தாம். அவர்களுக்கும் குறை உண்டு: நெரிசல் ரயில், நகராத கார் வரிசை, 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லையில் மீண்டும் சோதனை. ஆனால் 2020 மார்ச்சிலிருந்து அந்நாட்டுக்குள் பஸ், ரயில், டிராம் எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்புப் பயணம் இலவசம். உள்ளூரார், வெளியூரார் என்ற பேதம் கிடையாது. கொரோனாக் காலத்தில் எல்லையில் சோதனை போட்டபோதும், வேலை கொடுப்பவரின் சான்றைக் காட்டியவர்களை உள்ளே விட்டார்கள். அங்கே நாடு விட்டு நாடு போகிறவருக்குக் கிடைத்த மரியாதை, ஒரே நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகிற நமக்கு ஏன் இல்லை?

சட்டம் இல்லை என்று யாரும் கையை விரிக்க வேண்டாம். ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்படும் தொழிலாளருக்காக 1979-இல் ஒரு சட்டம் வந்தது. போக வர வண்டிச் சத்தம் மட்டுமல்ல, பயணம் செய்யும் காலத்துக்கும் வேலையில் இருந்ததாகவே கருதிக் கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. நம் தோட்டங்களில் எத்தனை பேர் அந்தக் கூலியைக் கண்ணால் கண்டார்கள்? அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-இல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஊருக்குப் போய்வர ஆண்டுக்கு ஒருமுறை வழிச்செலவுத் தொகை தர வேண்டும் என்கிறது அது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் நம் பெண்களுக்கு அதில் என்ன வழி? அவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி விதி எழுதச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒன்று: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இரு மாநிலங்களும் உடன்பாடு செய்துகொண்டு, தோட்ட நேரத்துக்கு ஏற்ற அதிகாலைப் பேருந்துகளை மூன்று மெட்டு வழியிலும் விட வேண்டும். இரண்டு: தோட்டம் ஏற்பாடு செய்யும் வண்டியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் தோட்டமும் பொறுப்பு, வழியில் நேரும் விபத்து வேலையில் நேர்ந்த விபத்தே. மூன்று: பயண நேரத்துக்குக் கூலியில் பங்கு. நான்கு: என்ன கலவரம், என்ன நோய் வந்தாலும் தொழிலாளிக்கு எல்லையை அடைப்பதில்லை என்று இரு அரசும் உறுதி தர வேண்டும்.

தாய்மார்களே, இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். ஏறிய நேரம், இறங்கிய நேரம், வண்டியில் எத்தனை பேர் என்று ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டுகளைச் சங்கத்தில் சேருங்கள். நம் கண்ணீரை அதிகாரிகள் நம்பாமல் போகலாம். நாளும் மணியும் போட்டு எழுதிய கணக்கை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது.

ஏலக்காய் மணக்கிறது, அதை எடுத்த கை வீடு திரும்ப இரவாகிறது. இனி அந்த நேரத்துக்கும் கணக்குக் கேட்போம்!