இஸ்திரிப் பெட்டி பிழைத்தது ஏன்?

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு பலத்த இடி மழை. மறுநாள் காலையில் நண்பர் ஒருவர் வாடிய முகத்துடன் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இடி இடித்த வேளையில் அவர் வீட்டு டெலிவிஷன் கண்ணை மூடிவிட்டதாம். பக்கத்துப் பிளக்கில் இருந்த இஸ்திரிப் பெட்டிக்கோ ஒரு குறைவும் இல்லையாம்! "இரண்டுக்கும் வந்தது ஒரே மின்சாரந்தானே? ஏன் இந்த ஓரவஞ்சனை?" என்று நம்மைக் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆனால் மின்சாரம் ஓரவஞ்சனை செய்யவில்லை. அந்த இரண்டு பெட்டிகளிலும் அது பார்க்கும் உத்தியோகம் வேறு வேறு.

இஸ்திரிப் பெட்டியில் இருப்பது மின்சாரச் சுற்று. அங்கே மின்சாரம் செக்கு மாடு. 230 வோல்ட் அழுத்தத்தில் வருகிறது, கம்பிச் சுருளைச் சூடேற்றுகிறது, திரும்பிப் போகிறது. 1,000 வாட் பெட்டியானால் சுமார் 4.3 ஆம்பியர் ஓடும். விசிறியைச் சுழற்றுவதும் கிணற்று நீரை மேலேற்றுவதும் இந்த ரகமே. அங்கே உழைப்பு உண்டு; யோசனை கிடையாது.

டெலிவிஷனில் இருப்பது மின்னணுச் சுற்று. அங்கே ஒரு சிறு மின்சாரம் மற்றொரு பெரிய மின்சாரத்துக்கு உத்தரவிடுகிறது. சிறு பிள்ளை மதகுப் பலகையைத் தூக்கினால் ஏரித் தண்ணீர் கால்வாயில் பாய்கிறதல்லவா? தண்ணீரைத் தள்ளியது பிள்ளையின் பலம் அன்று. ஆயினும் எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பது அதன் கையில் இருக்கிறது. மின்னணுச் சுற்றின் சூட்சுமம் முழுவதும் இதுதான்.

இந்த மதகு ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் கண்ணாடி வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அத்தகைய வால்வுக்குள் மற்றொரு கம்பியைச் சேர்த்தார். அதில் சிறிது அழுத்தம் மாறினால், வால்வில் ஓடும் மின்சாரம் பெரிதும் மாறிற்று. பழைய ரேடியோப் பெட்டிகள் உரக்கப் பேசியது இதனால்தான். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் ஒரு ஜெர்மானியத் துண்டைக்கொண்டே அந்த வேலையைச் செய்து காட்டினர். அதுவே டிரான்சிஸ்டர். இன்று நகத்தளவு சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான மதகுகள் அடங்கிவிடுகின்றன.

நண்பரின் நஷ்டத்துக்குக் காரணம் இப்போது விளங்கும். அந்த மதகுகளில் பெரும்பாலானவை சில வோல்ட்டுகளுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் படலங்கள் மிக மெல்லியவை. மின்னலால் கம்பியில் பாயும் திடீர் அழுத்தம் ஒரு கணத்தில் அவற்றைத் துளைத்துவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் தடித்த கம்பிச் சுருளோ அந்தக் கணத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

"வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே!" என்றார் நண்பர். அது மிதமிஞ்சிய மின்சாரத்தால் ஒயர் தீப்பற்றாமல் காப்பதற்கு ஏற்பட்டது. அது விழுவதற்குள் சில்லு கருகிவிடும். ஆகவே நல்ல எர்த் இணைப்பும், திடீர் அழுத்தத்தைத் தடுக்கும் தனிக் கருவியும் அவசியம். எல்லாவற்றிலும் மேலான உபாயம், மழை நெருங்கும்போதே பிளக்கைப் பிடுங்கி வைப்பது. இடி தலைக்குமேல் வந்தபின் அதைத் தொடப் போவது அபாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்னணுப் பெட்டி மெல்லியது என்பதால் நம்மிடமும் மென்மையாக இருக்கும் என்று எண்ணலாகாது. அதற்குள் முதலில் நுழைவது அதே 230 வோல்ட். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளேயிருக்கும் கண்டென்சர்களில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கக் கூடும். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையைத் தொழில் தெரிந்தவருக்கே விட்டுவிடுவது நலம்.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புறப்படும்போது வானத்தைப் பார்த்தார், மேகம் கறுத்திருந்தது. பிறகு அவர் நடக்கவில்லை, ஓடினார்!