அதிகாரிகளின் கூட்டுறவுக்கு நிலம் உண்டு, பாட்டாளியின் கூட்டுறவுக்கு?

கம்போங் புவா பாலாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பினாங்கில் மாடும் தென்னையுமாக நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அந்தக் கிராமம் 2009 செப்டம்பரில் தரைமட்டமாக்கப்பட்டது. மேம்பாட்டாளரை ஏசினோம். பழைய மாநில அரசை ஏசினோம், புதிய அரசையும் விடவில்லை. ஆனால் அந்த நிலம் யார் பெயருக்கு மாற்றப்பட்டது? ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு! பினாங்கு அரசாங்க அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம்.

ஆகவே, வீடு கட்டக் கூட்டுறவுக்கு அரசு நிலம் கொடுக்க வழியில்லை என்று இனி எவரும் நம்மிடம் கதை சொல்ல வேண்டாம். கொடுத்திருக்கிறார்கள். ஓய்வூதியமும் அரசாங்க வீட்டுக் கடனும் உள்ளவர்களுக்குக் கிடைத்த நிலம், தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. தோட்டம் கைமாறினால் வேலையும் போகும், கூரையும் போகும். ஐம்பது வயதில் சொற்ப இழப்பீட்டோடு வெளியே வருகிறவருக்கு எந்த வங்கி முப்பது ஆண்டுக் கடன் கொடுக்கும்? கடைசியில் பிபிஆர் அடுக்குமாடி. மாதம் 124 வெள்ளி வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை ஆண்டு கட்டினாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான். மின்தூக்கி பழுதானால் பாட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து மாடி ஏற வேண்டியவர்களும் நாம்தான்.

கூட்டுறவு வீடமைப்பில் கடன் வாங்குவது சங்கம், தனி ஆள் அல்ல. மாநில அரசு குறைந்த பிரிமியத்தில் நிலம் தந்தால் வீட்டின் விலை பெருமளவு இறங்கும். உறுப்பினர் மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டுவார். வெளியேற நினைத்தால் சங்கத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். இடைத்தரகன் நுழைய முடியாது. பராமரிப்பு நிதி குடியிருப்பவர்கள் கையிலேயே இருக்கும்.

"கூட்டுறவா? மைக்காவில் போட்ட காசு என்னவாயிற்று?" என்று பல வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கோபம். ஆனால் மைக்கா கூட்டுறவு அல்ல, நிறுவனம். அங்கே பங்குக்கு ஓட்டு. கூட்டுறவில் ஆளுக்கு ஓர் ஓட்டு, பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஓட்டுத்தான். நமக்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. துண்டாடப்பட இருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கினார்கள். ரப்பர் தோட்டத்தையே வாங்கியவர்களின் பிள்ளைகளால் ஒரு வீடமைப்புத் திட்டத்தை நடத்த முடியாதா?

மலேசியக் கூட்டுறவு ஆணையத்திடம் கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுக்கச் சுழல்நிதி இருக்கிறது. நிலமோ மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துத் தோட்டப் பாட்டாளிகளின் வீடமைப்புக் கூட்டுறவுகளுக்கு ஒதுக்க வேண்டும். சலுகையாகக் கேட்கவில்லை. இந்நாட்டின் காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்கள் கேட்கிறோம்.

அடுத்த முறை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அரிசி மூட்டையோடு வந்தால், மூட்டையை வாங்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்: இம்மாநிலத்தில் எந்தெந்தக் கூட்டுறவுக்கு எத்தனை ஏக்கர் கொடுத்தீர்கள்? அதில் நம் தோட்டத்து மக்களுக்கு எத்தனை? பதிலை எழுத்தில் கேளுங்கள்.