மாணவர்கள் பார்க்காத நாடாளுமன்றம்

புது தில்லி: பள்ளி அரங்கின் மேடையில் மாணவர் ஒருவர் அவைத் தலைவராக அமர்ந்திருக்கிறார். ஒருபுறம் ஆளும் தரப்பு, மறுபுறம் எதிர்த்தரப்பு. கேள்வி நேரம் முடிந்ததும் மசோதா தாக்கலாகிறது. சில நிமிட விவாதத்துக்குப் பின் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறுகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, பரிசளிப்பு தொடங்கிவிடுகிறது.

நாடாளுமன்றம் எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர்களுக்குக் கற்பிக்க மத்திய அரசு கையாளும் முக்கிய வழி இந்த இளைஞர் நாடாளுமன்றப் போட்டியே. 1962-ல் மும்பையில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு இதைப் பரிந்துரைத்தது. 1966-67-ல் தில்லிப் பள்ளிகளில் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் இதைத் தொடங்கியது. பின்னர் கேந்திரீய வித்யாலயங்களுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது.

நோக்கம் சிறந்ததே. மேடைக் கூச்சம் நீங்குகிறது. அவை மரபுகள் பழக்கமாகின்றன. ஆனால் சட்டம் எப்படி உருவாகிறது என்பதை மாணவர்கள் அறிகிறார்களா என்பதே கேள்வி. பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்கின்றனர். வாக்கெடுப்பின் முடிவும் முன்பே தெரியும். மசோதாவின் ஒரு பிரிவைக்கூட வரிவரியாகப் படித்து, இதை மாற்ற வேண்டும் என்று வாதிட அங்கே இடமில்லை.

பாடமும் நடப்பும்: உண்மையான நாடாளுமன்றத்திலும் அந்த இடம் சுருங்கி வருவதுதான் கவலைக்குரியது. முதலாவது மக்களவை 677 நாள்கள் கூடியது. 2024-ல் பதவிக்காலம் முடிந்த 17-வது மக்களவை 274 நாள்களே கூடியது. மக்களவைக்கு ஒரு துணைத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 93-வது பிரிவு கூறுகிறது. அதைப் பாடமாகப் படித்த மாணவர், துணைத் தலைவர் யார் என்று கேட்டிருந்தால், அந்த ஐந்து ஆண்டுகளில் எந்த ஆசிரியராலும் ஒரு பெயரைச் சொல்லியிருக்க முடியாது.

1993-ல் துறைசார் நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. இரு அவைகளையும் சேர்ந்த பல கட்சி உறுப்பினர்கள் மசோதாக்களை இங்குதான் நிதானமாக ஆராய்கின்றனர். பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17-வது மக்களவைக் காலத்தில் அது 16 சதவீதமாகக் குறைந்தது.

மாணவர்களைத் தொட்ட சட்டம்: குழுக்களின் பணியை விளக்க, உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வயதையே தொடும் ஓர் உதாரணம் உண்டு. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் கைதானவர்களில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர். இதையடுத்து எழுந்த கொந்தளிப்பின் பின்னணியில், 2014 ஆகஸ்டில் சிறார் நீதி மசோதா மக்களவையில் தாக்கலானது. கொடுங்குற்றம் புரிந்த 16 முதல் 18 வயது வரையிலானோரை வயது வந்தோரைப் போல விசாரிக்க அது வழிவகுத்தது.

மசோதாவை ஆராய்ந்த நிலைக்குழு இதை ஏற்கவில்லை. 2015 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில், இது அரசியல் சட்டம் தரும் சமத்துவ உரிமைக்கு முரணானது என்றது. குற்றம் புரிந்தபோது சிறாராக இருந்தவர் 21 வயதுக்குப் பிறகு பிடிபட்டால் வயது வந்தோராகவே விசாரிக்கப்படுவார் என்ற பிரிவை அரசு கைவிட்டது. அடிப்படை ஏற்பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 2015 டிசம்பர் 22-ல் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது.

யார் சொன்னது சரி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பாடத்துக்கு உயிர் தருவது அதுதான். மக்களின் கோபம், குழுவின் எச்சரிக்கை, அரசின் பிடிவாதம், ஒரு பிரிவில் மட்டும் கிடைத்த மாற்றம் என, சட்டம் பிறக்கும் வழி முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

பெண்களின் திருமண வயதை 21 ஆக உயர்த்த 2021 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட மசோதா இன்னொரு பாடம். நிலைக்குழுவுக்குச் சென்ற அது, 2024-ல் மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. மசோதா தோற்காமலேயே மறையும் என்பதை எந்தப் போட்டி மேடையும் காட்டுவதில்லை.

என்ன செய்யலாம்: நடப்புச் சட்டங்களைப் பற்றி வகுப்பில் பேசினால் அரசியல் சாயம் பூசப்படும் என்ற ஆசிரியர்களின் தயக்கம் நியாயமானதே. நிலைக்குழு அறிக்கைகள் இந்தத் தயக்கத்தைத் தீர்க்கும். அவை பல கட்சியினரும் சேர்ந்து தயாரித்தவை. மாற்றுக் கருத்துடைய உறுப்பினர்களின் குறிப்புகளும் அவற்றில் இணைக்கப்படுகின்றன. நாடாளுமன்ற இணையதளங்களில் செலவின்றிக் கிடைக்கின்றன. ஒரு மசோதாவையும் அதன் அறிக்கையையும் கொடுத்து, ஒரே ஒரு திருத்தத்தை எழுதி வாதிடுமாறு மாணவர்களிடம் சொல்லலாம். வாக்கெடுப்பின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்காமல் விடலாம்.

கட்சி மாறி வாக்களித்தால் பதவி போகும் என்ற நிலையை 1985-ம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் உருவாக்கியது. ஆகவே உறுப்பினர்கள் கொறடாவின் உத்தரவை மீறுவது அரிது. மாணவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1989 முதல் 18 வயதில் வாக்குரிமை வழங்கும் நாடு இது. ஓரிரு ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர்கள், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கப் பழகுவதைவிட, எழுதப்பட்ட சட்டத்தைக் கேள்வி கேட்கப் பழகுவதே நாடாளுமன்றத்துக்கும் நல்லது.