மார்க்கெட் ரேட் என்னும் மகாவாக்கியம்

"மார்க்கெட் ரேட் அதுதான் சார்" என்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் எந்தப் பேச்சும் முடிந்துவிடும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டமும் போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் முடிந்தது. இரவுக் காவலாளிக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றலாமே என்று ஒரு அம்மாள் மெதுவாகச் சொன்னார். பொருளாளர் உடனே எழுந்தார். "அவர் வேலைக்கு அவ்வளவுதாம்மா மதிப்பு. இல்லேன்னா வெளியில கூடுதலா கிடைக்குமே, போக வேண்டியதுதானே?" சபை தலையாட்டியது. அடுத்து வந்தது, லிஃப்ட் வாசலுக்குக் கிரானைட் பதிக்கும் தீர்மானம். விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

கஞ்சத்தனத்தைக் கஞ்சத்தனம் என்று ஒப்புக்கொள்பவர்மேல் எனக்குக் கோபம் வராது. அதற்கு ஒரு தத்துவத்தை இடுப்பில் கட்டி அனுப்பும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. எது எவ்வளவு விலை போகிறதோ அதுவே அதன் மதிப்பாம். சந்தை பொய் சொல்லாதாம். மனிதர்கள் எதை உயர்வாக நினைக்கிறார்கள் என்பதைக் காசு காட்டிக்கொடுத்துவிடுமாம். இப்படிப் பேசும் எல்லோரிடமும் எனக்கு ஒரே கேள்விதான்: அப்படியானால் தக்காளி?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியது. சில ஊர்களில் 200-ஐத் தொட்டது. தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய்கூடத் தேறவில்லை. இடையில் போனது இரண்டே மாதம். அதற்குள் மனிதகுலம் தக்காளியைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதா? ரசம் வைப்பதை நிறுத்திவிட்டோமா? தக்காளிதான் ஏதாவது கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டதா?

ஒட்டன்சத்திரத்திலோ பாலக்கோட்டிலோ கேட்டுப் பாருங்கள். பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, மண்டி கமிஷன் எல்லாம் போகக் கையில் ஒன்றும் நிற்காது என்று தெரிந்தால், பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு மாட்டை உள்ளே ஓட்டிவிடுவார்கள். நாற்று நட்டது முதல் அவர்கள் குனிந்த முதுகு அதேதான். பாய்ச்சிய தண்ணீர் அதேதான், அடித்த மருந்தின் கடன் அதேதான். விலை ஏறிய வாரத்தில் பறித்தவன் கெட்டிக்காரன், இறங்கிய வாரத்தில் பறித்தவன் உதவாக்கரை என்று எந்த வாயால் சொல்வது? நம் பொருளாளர் வாயால் சொல்லலாம். அவர் கணக்குப்படி முதலாமவன் உழைப்புக்கு மதிப்பு உண்டு, இரண்டாமவனுக்கு இல்லை. இருவரும் ஒரே ஆளாகவே இருந்தாலும்!

பொருளாதாரம் படித்தவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு "இறுதிநிலைப் பயன்பாடு" என்பார்கள். உயிருக்கே வேண்டிய தண்ணீர் மலிவு, ஒன்றுக்கும் உதவாத வைரம் விலை அதிகம் என்கிற புதிரை ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார், அதற்கு விடையும் பின்னால் வந்துவிட்டது என்பார்கள். வந்தது, சரி. அந்த விடை சொல்வது என்ன? விலை என்பது அந்த நேரத்துத் தட்டுப்பாட்டைக் காட்டும், அவ்வளவுதான். காவலாளியின் மதிப்பைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலைதான் மதிப்பு என்பதை அவர் தலையில் ஏற்றியது பாடப்புத்தகம் இல்லை, நம் சங்கக் கூட்டம்.

தட்டுப்பாட்டைக்கூட விலை ஒழுங்காகக் காட்டுவதில்லை என்பேன். யார் பையில் காசு இருக்கிறதோ அவருடைய தேவை மட்டுமே சந்தையின் காதில் விழும். 1943 வங்கப் பஞ்சத்தில் இருபது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பஞ்சமே இல்லாத 1941-ஐவிட அந்த ஆண்டு அங்கே உணவு தானியம் கூடுதலாகவே இருந்தது என்று அமர்த்தியா சென் 1981-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். போர்க்காலத்தில் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. கல்கத்தா நடைபாதையில் பசியில் விழுந்தவனுக்கு அரிசிமேல் மதிப்பு இல்லையா? நம்மில் யாரைவிடவும் இருந்தது. காசு இல்லை.

இன்னொரு கூத்து. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் சொச்சம்! உலகமே எதை எரித்து ஓடுகிறதோ அதை "காசும் தருகிறோம், எடுத்துப் போங்கள்" என்றார்கள். கொட்டி வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். நாசிக் தக்காளிக்கு அந்த யோகம்கூட இல்லை. கொட்டுவதற்கும் விவசாயிதான் வண்டி வாடகை கொடுத்தான்.

அதே 2020-ல், மார்ச் 22 மாலை 5 மணிக்கு எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் எல்லோரும் தட்டும் கரண்டியுமாக நின்றோம். கொரோனா காலத்தில் உழைக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றியாம். பொருளாளர்தான் மற்றவர்களைவிட ஓங்கித் தட்டினார். மதிப்பு இருந்தது, ஒலிக்கவும் செய்தது. சம்பளத்தில்தான் அது வரவில்லை. 2025 ஆகஸ்டில் அந்தத் தூய்மைப் பணியாளர்களில் ஒரு பகுதியினர் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பத்து நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போகிறது, வாங்குகிற சம்பளம் குறையும் என்பது அவர்கள் முறையீடு. கடைசியில் இரவோடு இரவாகப் போலீஸ் அப்புறப்படுத்தியது. தெரு மாறவில்லை, குப்பை மாறவில்லை, துடைப்பம் பிடிக்கிற கையும் மாறவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து மாறினால் கூலி மாறும் என்றால், கூலியை நிர்ணயித்தது அந்த உழைப்பின் மதிப்பா, கையெழுத்துப் போட்டவரின் பேனாவா?

"மார்க்கெட் ரேட்" என்பதில் உள்ள சௌகரியமே இதுதான். நாம் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுக்கிறோம். பழி சந்தைக்குப் போய்விடுகிறது. கல்யாணத் தரகர்களும் இதே பல்லவிதான். இன்ன படிப்பு, இன்ன உத்தியோகம் என்றால் மாப்பிள்ளைக்கு இத்தனை பவுன். "நாங்களா கேட்கிறோம்? வெளியில அதுதான் ரேட்." 1961-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வியாபாரத்துக்கு எந்த வெளியில் ரேட் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு மட்டும் அந்த வெளி எங்கே என்று தெரிகிறது.

சந்தையிலேயே இறங்காத உழைப்பை என்ன செய்வார்கள்? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரி 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். இந்த 299 நிமிடத்துக்கு ரேட் கிடையாது, ஆகவே பொருளாளர் சூத்திரப்படி மதிப்பும் கிடையாது. விபத்தில் அந்தப் பெண் இறந்தால் மட்டும் விலை போட வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த இரண்டாம் அட்டவணை அதற்கு ஒரு வழி வைத்தது: சம்பாதிக்காத மனைவிக்கு, கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வருமானமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. அதாவது, 90,000 ரூபாய் வாங்குபவர் மனைவியின் உழைப்பு மாதம் 30,000. 9,000 ரூபாய் வாங்குபவர் மனைவியின் உழைப்பு 3,000. இரண்டு வீட்டு ரசத்திலும் ஒரே சந்தைத் தக்காளி கரைந்திருந்தாலும் சரி.

2010-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இந்த அட்டவணை வழியாக ஒரு வழக்கு வந்தபோது நீதிபதி கங்குலி இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளை 'வேலை செய்யாதோர்' பிரிவில் வைத்திருந்தது. கூடவே பிச்சைக்காரர்களையும் சிறைக் கைதிகளையும். நாடாளுமன்றம் இதைத் திருத்த யோசிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறவரை அந்தப் பட்டியலில் எழுதியவரும், அன்று காலை அவர் வைத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் அலுவலகம் போயிருப்பார்.