கைதட்டலை வெட்டாதீர்கள்

ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஹெட்போனில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதும் அதுவே. இரு தரப்பாரும் இக்கட்டுரையைப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எந்த இசை உயர்ந்தது என்ற வழக்கை நான் எடுக்கப் போவதில்லை. கச்சேரி நடந்த இடத்திலேயே, நடந்தபோதே பிடித்த ஒலிப்பதிவுக்கு என்ன மதிப்பு, அதை யார் காப்பாற்றுவது என்பதே என் பேச்சு.

என் பேத்தி கல்லூரியில் ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். பெங்களூரில் இது அதிசயம் இல்லை. 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸும், 2007இல் அயர்ன் மெய்டனும், 2011இல் மெட்டாலிக்காவும் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்துவிட்டுப் போன ஊர் இது. அவள்தான் போன மழைக்காலத்தில், "தாத்தா, நீங்க கச்சேரி கேக்கற ஆள்தானே, இதைக் கேளுங்க" என்று உட்ஸ்டாக் விழாவின் ஒலிப்பதிவுகளை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள். சிறிது சிறிதாக இரண்டு மாதம் கேட்டேன். எல்லாம் பிடித்தது என்று சொன்னால் அது பேத்திக்காகச் சொல்லும் பொய். ஆனால் பிடித்தவை எனக்கே வியப்பாக இருந்தன.

விழாவைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். 1969 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி 18 திங்கட்கிழமை காலை வரை, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பெத்தேல் என்ற ஊரில், மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்தில் நடந்தது. உட்ஸ்டாக் என்பது தொலைவில் உள்ள வேறோர் ஊர். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூன்று நாளுக்கும் சேர்த்து 18 டாலர் என்று டிக்கெட் விற்றார்கள். வேலி கட்டி முடிவதற்குள் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியின்றி இலவசம் என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். மழை, சேறு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு. நம் ஊர்த் திருவிழாக்களைக் கண்ட நமக்கு இதெல்லாம் பழக்கப்பட்ட காட்சிதான்.

நான் எதிர்பாராதது ஒன்று முதல் நாளிலேயே இருந்தது. ரிச்சி ஹேவன்ஸ் என்பவர் பாடி முடித்த பிறகு ஒரு பெரியவர் அமைதியாகப் பேசத் தொடங்குகிறார். ஆங்கிலம்தான், ஆனால் நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் பேசிய ஆங்கிலம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூருக்கு அருகில் செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்தவர், சிவானந்தரின் சீடர், இலங்கையில் பல ஆண்டுகள் இருந்து, 1966இல் நியூயார்க் போனவர். சாலையெல்லாம் கார்களால் அடைத்துக்கொண்டதால் அவரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து மேடையில் இறக்கினார்கள். நாதத்தின் வலிமையைப் பற்றி நாலு வார்த்தை பேசி விழாவுக்கு ஆசி கூறினார். உலகம் அறிந்த ராக் திருவிழாவில் ஒலித்த முதல் குரல்களில் ஒன்று கொங்கு நாட்டுத் தமிழர் குரல் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்றிரவே ரவிசங்கர். தபலாவில் அல்லா ரக்கா. பூரியா தனஸ்ரீ வாசிக்கிறார், பிறகு ஜப் தாளத்தில் தபலா தனி, பிறகு மாஞ்ச் கமாஜ். மழை பெய்துகொண்டிருக்கிறது. சேற்றில் கிடந்த அந்தக் கூட்டம் நம் நாட்டு எருமைகளை நினைவூட்டியதாக அவரே பின்னாளில் எழுதினார். அவருக்கு அந்த அனுபவம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவில் நான் கேட்டது வேறு. தபலா தனியின்போது கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப் பிறகு ஆர்ப்பரிப்பது தெளிவாகக் கேட்கிறது. மறுநாள் சான்டானா குழுவில் மைக்கேல் ஷ்ரீவ் என்ற 20 வயதுப் பையன் டிரம்மில் செய்த தனியையும் கேட்டேன். தாளத்தைக் குறைத்து, சத்தத்தைத் தாழ்த்தி, அப்புறம் மேலே கொண்டுபோகிற அந்த வித்தை எனக்குப் புதியது அல்லவே! தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகிறவர்கள் அதை ஒருமுறை கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட என் மனதில் நின்றவை பாட்டுகளுக்கு இடையே வரும் அறிவிப்புகள். இன்னார் வீட்டுக்கு உடனே போன் செய்யவும். இன்னாருடைய மனைவிக்குப் பிரசவ வலி. இன்ன இடத்தில் உன் நண்பன் காத்திருக்கிறான். கோபுரத்தில் ஏறியிருப்பவர்கள் தயவு செய்து இறங்குங்கள். போதை மருந்து பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு, அதை மறைப்பானேன். நான்கு லட்சம் பேர் என்று புத்தகத்தில் படிக்கும்போது அது வெறும் எண். ஒருவனை அவன் வீட்டார் தேடுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்கும்போது, அந்த எண்ணுக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது.

இந்த அறிவிப்புகளும் மழையும் இருமலும் முதலில் வெளிவந்த இசைத்தட்டில் பெரும்பாலும் கிடையாது. 1970இல் வந்தது மூன்று தட்டுகள் மட்டுமே. பலர் விடுபட்டுப் போனார்கள். நள்ளிரவுக்கு மேல் மேடையேறிய கிரீடன்ஸ் குழுவின் ஜான் ஃபோகர்ட்டி தங்கள் நிகழ்ச்சி சோபிக்கவில்லை என்று கருதியதால் அவர்கள் படத்திலும் இல்லை, தட்டிலும் இல்லை. நனைந்த மேடையில் மின்சாரம் தாக்கித் தடுமாறிய கிரேட்ஃபுல் டெட் குழுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டில் 'சீ ஆஃப் மேட்னஸ்' என்றொரு பாட்டு இருக்கிறது. அது உட்ஸ்டாக்கில் பதிவானதே இல்லை, நியூயார்க் நகரத்து அரங்கு ஒன்றில் பதிவானது. உண்மையில் நடந்ததை வெட்டிவிட்டு, நடக்காததை ஒட்டிவைத்தார்கள்.

நல்ல வேளையாக மூல நாடாக்களை யாரும் தூக்கி எறியவில்லை. மேடைக்குப் பின்னால் எடி கிரேமர் முதலியோர் உறக்கமின்றி உட்கார்ந்து பதிவு செய்த நாடாக்கள் அவை. ஆண்டி சாக்ஸ் என்பவரும் பிரையன் கீஹ்யூ என்பவரும் அவற்றைத் தேடித் தொகுத்து, 50ஆம் ஆண்டான 2019இல் 38 குறுந்தகடுகளாக வெளியிட ஏற்பாடு செய்தார்கள். ஏறத்தாழ 36 மணி நேரம், 432 பகுதிகள். ஒன்றிரண்டு பாட்டுகள் நீங்கலாக மற்றதெல்லாம் நடந்த வரிசையிலேயே, அறிவிப்பு உட்பட. அச்சிட்டவை 1969 பிரதிகள் மட்டும், விலை ஏறத்தாழ 800 டாலர். சோபிக்கவில்லை என்று ஃபோகர்ட்டி ஒதுக்கிய நிகழ்ச்சியை இப்போது கேட்பவர்கள் அருமை என்கிறார்கள். நானும் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. கலைஞன் தன் கச்சேரிக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்பது என் கட்சி.

மூன்று தட்டு 38 தட்டாவதற்கு 50 வருஷம் ஆயிற்று. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் ஊர் நினைவாகவே இருக்கிறது. நம் பெங்களூருக்கும் ஒரு உட்ஸ்டாக் உண்டு. அது உட்ஸ்டாக்கைவிட 30 வயது மூத்தது.

சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமியை ஒட்டி நடக்கும் இசை விழாவைத்தான் சொல்கிறேன். ஸ்ரீராம சேவா மண்டலியை 1939இல் தொடங்கியவர் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ். அரியக்குடி, செம்பை, எம்.எஸ். என்று அந்தப் பந்தலுக்கு வந்தவர்களின் பட்டியலைப் போட்டால் கர்நாடக இசையின் சரித்திரமே வந்துவிடும். மதராஸில் மார்கழிக் குளிர் என்றால் நமக்குச் சித்திரை வெயிலும் கோடை மழையும். பானகம், நீர்மோர், கோசம்பரி. பந்தலுக்கு வெளியே சாலையோரம் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்பவர்களும் உண்டு. நான் 1974இல் மாயவரத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோது, கன்னடம் ஒரு வார்த்தை தெரியாத எனக்கு இந்த ஊரில் முதன்முதலாகப் புரிந்த இடம் அந்தப் பந்தல்தான்.

அங்கே நம்மவர்கள் பலர் டேப் ரிகார்டரோடு வருவார்கள். முதலில் ஸ்பூல், பிறகு கேசட். பக்கத்துக்கு 45 நிமிஷம். ராகம் விரிந்து உச்சத்துக்குப் போகும்போது பார்த்து 'டக்' என்று நிற்கும். திருப்பிப் போடுவதற்குள் நாலு சங்கதி பறந்துவிடும். அந்தக் கேசட்டுகளைப் பிரதி எடுத்து, பிரதிக்குப் பிரதி எடுத்து, மாப்பிள்ளை வீடு, சம்பந்தி வீடு என்று பாதிப் பெங்களூரைச் சுற்றிவந்தது. துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் பெட்டியில் ஊறுகாயோடு போனதும் அதுதான். இன்று அவை எங்கே? பரணில், செருப்புப் பெட்டிக்குள், பூசணம் பூத்து.

அந்தக் கேசட்டுகளில் சங்கீதம் மட்டுமா இருக்கிறது? கன்னடத்தில் அறிவிப்பு, வித்வான் தமிழில் பதில், தெலுங்கில் கீர்த்தனை. "தேவரநாமா" கேட்டு மேடைக்குச் சீட்டுப் போகிறது, திருப்புகழ் கேட்டும் போகிறது. இரண்டுக்கும் ஒரே கைதட்டல். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இங்கே நடந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. அப்போது ஊரை விட்டே போனவர்களும் உண்டு. நம் பிள்ளைகள் இரு மொழியாரின் உறவு என்றால் அந்தச் சண்டையை மட்டுமே கேள்விப்பட்டு வளர்கிறார்கள். சண்டைக்குச் செய்தித்தாள் சாட்சி இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளம் போட்டதற்குச் சாட்சி இந்த நாடாக்கள்தான். ஆகவேதான் சொல்கிறேன்: கணினியில் ஏற்றும் அன்பர்கள் இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று அறிவிப்பையும் இருமலையும் கைதட்டலையும் வெட்டிவிடாதீர்கள். பாட்டை மட்டும் கேட்க ஸ்டுடியோவில் பதிவு செய்த தட்டுகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

இதற்கு ஆட்சேபமும் உண்டு. வித்வானின் அனுமதி இல்லாமல் பிடித்த பதிவு திருட்டுக்குச் சமம் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் 1994 முதல் மேடையில் நிகழ்த்துபவருக்கும் தனி உரிமை தந்திருக்கிறது. அது இப்போது 50 ஆண்டு நீடிக்கும். அதனால் எவரும் இவற்றை இணையத்தில் அள்ளிக் கொட்டி விளம்பரக் காசு பார்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பத்திரமாகச் சேர்த்து வைத்து, கலைஞரின் குடும்பத்தாருக்கு ஒரு பிரதி தந்து, கேட்க விரும்புவோர் நேரில் வந்து உட்கார்ந்து கேட்கட்டும். உரிமை யாருக்கு என்று வாதாடி முடிப்பதற்குள் நாடா உதிர்ந்து போனால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

நம் சங்கம் இதைச் செய்யலாம். பெரிய செலவில்லை: நல்ல நிலையில் ஒரு கேசட் டெக், ஒரு கணினி, பொறுமையுள்ள இரண்டு இளைஞர்கள். கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல வருஷம் பரணில் கிடந்ததை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள், நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் அறுந்துவிடும். பூசணம் தெரிந்தால் தொடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒன்றின் பூசணம் டெக் வழியாக அடுத்ததற்கும் பரவும். ஏற்றும்போது சுருக்காத முழு அளவிலேயே ஒரு பிரதி வையுங்கள்; எம்பி3 கேட்பதற்கு மட்டும் போதும்.

இவற்றையெல்லாம் விட அவசரமானது மேலட்டை. பாதிக் கேசட்டில் "ராமநவமி – நல்ல தோடி" என்பதற்கு மேல் எழுத்தில்லை. எந்த வருஷம், யார் வயலின், யார் மிருதங்கம் என்று குரலையும் வில்லையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். நாடாவை நாளைக்குக்கூட ஏற்றலாம். அவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் பேத்தி அப்படி ஒருவர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கேசட்டில் ஒரு மிருதங்கத் தனியைக் கேட்டு அவர் சொல்கட்டைச் சொல்லச் சொல்ல, இவள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

என்னிடம் 17 கேசட்டுகள் தேறியிருக்கின்றன. நான்கில் தேதி இல்லை. அவற்றில் ஒன்றில் யாரோ ஒருவர் புல்லாங்குழலில் காம்போதி வாசிக்கிறார். நடுவில் பந்தல் மேல் மழை கொட்டுகிறது; ராகம் முடிந்ததும், கீழே கிடந்த சாவிக்கொத்து ஒன்றை மேடையருகே வந்து பெற்றுக்கொள்ளும்படி கன்னடத்தில் அறிவிக்கிறார்கள். அன்று பந்தலில் இருந்தவர்கள், குறிப்பாகச் சாவியைத் தொலைத்தவர், இதைப் படிக்க நேர்ந்தால் எந்த வருஷம் என்று சங்க அலுவலகத்துக்கு எழுதவும்.